நாட்காட்டித் தாளிலிருந்து அகராதிக்கு: ஆங்கிலச் சொற்களின் கிரேக்க, இலத்தீன் வேர்களைக் கற்கத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டியில் ஆண்டின் கடைசி நான்கு மாதங்களுக்குரிய தாள்களைக் கிழிப்பதற்கு முன் சற்று உற்றுப் பாருங்கள். மேலே பெரிய எழுத்தில் செப்டம்பர், அக்டோபர், நவம்பர், டிசம்பர் என்று மாதப் பெயர் இருக்கும். கீழே சிறிய எழுத்தில் திதிகள் வரும்போது சப்தமி, அஷ்டமி, நவமி, தசமி என்று ஒரு வரிசை வரும். இரண்டும் ஒரே எண் வரிசை. இலத்தீனில் செப்டெம் என்றால் ஏழு, ஆக்டோ என்றால் எட்டு, நோவெம் என்றால் ஒன்பது, டெக்கெம் என்றால் பத்து. ரோமானியரின் பழைய ஆண்டு மார்ச் மாதத்தில் தொடங்கியதால் செப்டம்பர் அவர்களுக்கு ஏழாவது மாதமாக இருந்தது. ஆண்டின் தொடக்கம் ஜனவரிக்கு நகர்ந்த பிறகும் பெயர்கள் நகரவில்லை.

வேர்ச்சொற்களைக் கற்க விரும்பும் தமிழருக்கு நான் முதலில் காட்டுவது இந்தத் தாளைத்தான். வேர்ச்சொல் பட்டியல்கள் புத்தகக் கடைகளிலும் இணையத்திலும் எத்தனையோ கிடைக்கின்றன. அவற்றை அகர வரிசையில் மனப்பாடம் செய்யத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் முதல் சில பக்கங்களைத் தாண்டுவதில்லை. பள்ளி நாட்களில் நானும் அப்படித் தொடங்கி அப்படியே நின்றுபோனவன். தமிழ் படித்தவரிடம் இந்த வேலைக்கு வேண்டிய மூன்று கருவிகள் ஏற்கெனவே இருக்கின்றன என்பது பிற்பாடுதான் எனக்குப் புரிந்தது. ஒன்று புணர்ச்சி இலக்கணம். இன்னொன்று பாடநூல்களில் படித்த கலைச்சொற்கள். மூன்றாவது வடமொழி வழியாகத் தமிழில் கலந்துவிட்ட சொற்கள். கிரேக்க எழுத்தோ இலத்தீன் இலக்கணமோ தெரியாமலே இந்த மூன்றையும் கொண்டு நெடுந்தூரம் போகலாம்.

முதல் படி: சொல் எந்த அடுக்கைச் சேர்ந்தது என்று ஊகியுங்கள்

ஆங்கிலத்தின் அடித்தளம் ஜெர்மானியக் கிளையைச் சேர்ந்தது. வாட்டர், மதர், ஈட், ஸ்லீப், ஹேண்ட் போன்ற குறுகிய அன்றாடச் சொற்கள் அந்த அடித்தளத்தவை. அவற்றில் இலத்தீன் வேரைத் தேடுவது வீண். 597 இல் ரோமிலிருந்து வந்த கிறித்தவத் துறவிகளோடு சமயச் சொற்கள் சில நுழைந்தன. 1066 இல் நார்மண்டியின் வில்லியம் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு, நீதிமன்றத்திலும் அரண்மனையிலும் வழங்கிய பிரெஞ்சுச் சொற்கள் ஆயிரக்கணக்கில் வந்து சேர்ந்தன. பிரெஞ்சு இலத்தீனின் மகள் என்பதால் அவையும் இலத்தீன் வேருடையவையே. 16, 17 ஆம் நூற்றாண்டுகளில் அறிஞர்கள் இலத்தீன், கிரேக்க நூல்களிலிருந்து நேரடியாகவே சொற்களை அள்ளி வந்தார்கள்.

ஒரே பொருளுக்கு ஆங்கிலத்தில் மூன்று சொற்கள் இருப்பதற்கு இதுவே காரணம். கேட்பதற்கு ஆஸ்க் என்பது மண்ணின் சொல். கொஸ்டின் பிரெஞ்சு வழியாக வந்தது. இன்ட்டராகேட் நேராக இலத்தீனிலிருந்து வந்தது. தண்ணீர், ஜலம், தீர்த்தம் ஆகிய மூன்றையும் எந்த இடத்தில் எதைச் சொல்ல வேண்டும் என்று பிழையின்றி அறிந்திருக்கும் நமக்கு இந்த வேறுபாட்டை விளக்கத் தேவையில்லை.

எழுத்தமைப்பே அடுக்கைக் காட்டிக்கொடுக்கும். ஃபோட்டோ, ஃபிலாசஃபி போல 'ஃப்' ஒலிக்கு எஃப் வராமல் பி, எச் என்னும் இரண்டு எழுத்துகள் சேர்ந்து வந்தால் அது கிரேக்கச் சொல். கெமிஸ்ட்ரி, கேரக்டர், எக்கோ போல 'க்' ஒலிக்கு சி, எச் வந்தாலும், ரிதம், சிஸ்டம் போல சொல்லின் நடுவில் ஒய் உட்கார்ந்திருந்தாலும், சைக்காலஜி, நிமோனியா போல முதல் எழுத்தான பி ஒலிக்காமல் நின்றாலும் கிரேக்கமே என்று பெரும்பாலும் துணியலாம். கிரேக்க ஒலிகளை ரோமானியர் தங்கள் எழுத்தில் பெயர்த்து எழுதிய முறை இரண்டாயிரம் ஆண்டுகளாக அப்படியே உறைந்து கிடக்கிறது. 'ஷன்' என்று ஒலித்து டி, ஐ, ஓ, என் என்று முடியும் சொல் பெரும்பாலும் இலத்தீன்.

இரண்டாம் படி: சொல்லை மூன்றாக வெட்டுங்கள்

பகுபத உறுப்புகளைப் பள்ளியில் பிரித்துக் காட்டியவர்களுக்கு இது பழக்கமான வேலை. நடுவில் இருப்பது வேர். முன்னால் ஒட்டுவது முன்னொட்டு. பின்னால் ஒட்டுவது பின்னொட்டு. தமிழில் பின்னொட்டுகளே அதிகம் என்பதால், சொல்லின் முன்னால் ஒட்டுவதைக் கவனிக்கும் பழக்கத்தை மட்டும் புதிதாக வளர்த்துக்கொள்ள வேண்டும்.

எழுதுவதைக் குறிக்கும் ஸ்கிரைப், ஸ்கிரிப்ட் என்னும் இலத்தீன் வேரை எடுத்துக்கொள்வோம். மருத்துவர் தரும் சீட்டு பிரிஸ்கிரிப்ஷன். 'பிரி' என்றால் முன்னால், ஆகவே முன்கூட்டியே எழுதிக் கொடுத்தது. 'இன்' என்றால் உள்ளே அல்லது மேலே, ஆகவே இன்ஸ்கிரிப்ஷன் என்பது கல்லிலோ செம்பிலோ பொறித்தது, அதாவது கல்வெட்டும் செப்பேடும். இலத்தீனில் மானுஸ் என்றால் கை. மேனுஸ்கிரிப்ட் என்பதற்குக் கையெழுத்துப் பிரதி என்று தமிழில் சொல்வது உறுப்புக்கு உறுப்பு அதே சொல். 'சப்' என்றால் கீழே. யூடியூப்பில் ஒவ்வொருவரும் கெஞ்சிக் கேட்கும் சப்ஸ்கிரைப் என்ற சொல்லுக்கு மூலப்பொருள் கீழே எழுதுதல், அதாவது பத்திரத்தின் அடியில் கையொப்பமிட்டு இன்ன தொகை தருவதாக ஒப்புக்கொள்ளுதல். சந்தா என்ற பொருள் அதிலிருந்துதான் வந்தது.

ஒரு வேரைப் பிடித்ததும் அதன் அண்டை வீட்டையும் பார்க்க வேண்டும். மானுஸ் என்னும் கையைப் பிடித்துக்கொண்டு போனால் மேனுவல் கிடைக்கும். கையால் செய்தல் என்று பொருள்படும் மேனுஃபேக்சர் கிடைக்கும். இன்று மனிதக் கையே படாமல் இயந்திரம் செய்வதற்குத்தான் அந்தச் சொல்லைப் பெரிதும் பயன்படுத்துகிறோம். வேர் காட்டும் பொருள் சொல்லின் பிறந்த ஊர். அது இப்போது குடியிருக்கும் ஊர் வேறாக இருக்கலாம் என்பதைத் தொடக்கத்திலேயே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பார்ப்பதைக் குறிக்கும் ஸ்பெக்ட் என்ற வேரும் இப்படியே கிளைக்கும். இன்ஸ்பெக்டர் உள்ளே பார்ப்பவர். ரெஸ்பெக்ட் என்பது திரும்பிப் பார்ப்பது. சஸ்பெக்ட் என்பது கீழிருந்து ஓரக்கண்ணால் பார்ப்பது. எக்ஸ்பெக்ட் என்ற சொல்லில் மட்டும் வேரின் முதல் எழுத்தான எஸ்ஸைக் காணோம். 'வெளியே' என்ற பொருள் தரும் 'எக்ஸ்' என்னும் முன்னொட்டின் கடைசி ஒலியிலேயே 'ஸ்' இருப்பதால் வேரின் 'ஸ்' அதில் கரைந்துவிட்டது. வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் எதிர்பார்ப்பு. தமிழ்ச் சொல்லிலும் பார்வை இருக்கிறது.

மூன்றாம் படி: புணர்ச்சி விதியை இங்கேயும் பயன்படுத்துங்கள்

புதியவர்கள் தடுமாறும் இடம் இது. தமிழருக்கு மட்டும் தடுமாற்றம் வேண்டியதில்லை. மரம் என்பதோடு கள் சேர்ந்தால் மரம்கள் என்று விடாமல் மரங்கள் என்கிறோம். நல் என்பதோடு நெறி சேர்ந்தால் நன்னெறி ஆகிறது. நிலைமொழியின் ஈற்றொலி வருமொழியின் முதல் ஒலிக்கு இணங்கி மாறுகிறது. இலத்தீனிலும் நடப்பது இதுவே. 'இன்மை'யைக் குறிக்கும் 'இன்' என்ற முன்னொட்டு, லீகல் முன்னால் 'இல்' ஆகி இல்லீகல் ஆகிறது. பாசிபிள் முன்னால் 'இம்' ஆகி இம்பாசிபிள் ஆகிறது. ரெகுலர் முன்னால் 'இர்' ஆகி இர்ரெகுலர் ஆகிறது. நான்கு முன்னொட்டுகளாகப் பட்டியல்கள் காட்டுவதைத் தமிழர் ஒன்றாகவே கற்கலாம்.

சுமத்தலைக் குறிக்கும் ஃபெர் என்ற வேரில் இதைச் சோதித்துப் பாருங்கள். டிரான்ஸ்ஃபர் என்றால் அப்பால் சுமந்து செல்லுதல். அதில் மாற்றம் இல்லை. 'சப்' என்ற முன்னொட்டு ஃபெர் முன்னால் 'சஃப்' ஆகி சஃபர் என்ற சொல் பிறக்கிறது. கீழே நின்று சுமத்தல் என்பது அதன் பொருள், துன்பத்தைச் சுமந்தான் என்று நாம் சொல்வது போல. 'டிஸ்' ஃபெரோடு சேர்ந்து டிஃபர் ஆகிறது. 'ஒப்' சேர்ந்து ஆஃபர் ஆகிறது. இந்தச் சொற்களில் எஃப் ஏன் இரட்டிக்கிறது, பிரிஃபர், ரெஃபர் ஆகியவற்றில் ஏன் ஒற்றையாக நிற்கிறது என்ற கேள்விக்கு விடை இங்கேயே இருக்கிறது: 'பிரி', 'ரெ' ஆகிய முன்னொட்டுகள் உயிரில் முடிவதால் திரிவதற்கு அங்கே மெய் இல்லை.

எழுத்துப்பிழையைத் தவிர்க்க இதைவிடச் சிறந்த மருந்தை நான் அறியேன். நம் ஊர்த் தங்கும் விடுதிகளின் பலகைகளில் அக்காமடேஷன் என்ற சொல்லை எத்தனை விதமாக எழுதியிருக்கிறார்கள் என்று பேருந்து நிலையத்தைச் சுற்றி ஒருமுறை நடந்தாலே கண்டுவிடலாம். 'நோக்கி' என்ற பொருளுடைய 'அட்' முதலில்; 'சேர்ந்து' என்ற பொருளுடைய 'காம்' அடுத்து; 'அளவு' என்ற பொருளுடைய மோடுஸ் அதற்கும் அடுத்து. 'அட்' திரிந்து 'அக்' ஆவதால் இரண்டு சி. 'காம்' எம்மில் முடிந்து மோடுஸ் எம்மில் தொடங்குவதால் இரண்டு எம். இதை ஒருமுறை பிரித்து எழுதிப் பார்த்தவர் மறுபடி பிழை செய்வது கடினம்.

அதே 'அட்' இன்னொரு சொல்லில் எனக்கு மிகவும் பிடித்த வேலையைச் செய்கிறது. இலத்தீனில் ரிப்பா என்றால் கரை. 'அட்' ரிப்பாவோடு சேர்ந்து, பிரெஞ்சு வழியாக வந்து, அரைவ் ஆயிற்று. போய்ச் சேர்வது என்பது கரை சேர்வது.

நான்காம் படி: பழைய அறிவியல் பாடநூலைத் தேடி எடுங்கள்

தமிழ்வழியில் படித்தவர்கள் ஒரு வேர்ச்சொல் அகராதியையே கையில் வைத்திருக்கிறார்கள். நம் கலைச்சொற்கள் பலவற்றை ஆக்கியவர்கள் கிரேக்கச் சொல்லை உறுப்பு உறுப்பாகப் பிரித்து, ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு தமிழ்ச் சொல்லை வைத்தார்கள். 1611 இல் கலிலியோவின் கருவிக்கு டெலஸ்கோப் என்ற பெயர் கிடைத்தது. டெலி என்றால் தொலைவு, ஸ்கோப் என்பது பார்த்தலைக் குறிப்பது, ஆக அது தொலைநோக்கி. ஃபோன் என்றால் ஒலி அல்லது குரல், ஆகவே தொலைபேசி. மைக்ரோ என்றால் சிறியது, ஆகவே நுண்ணோக்கி. தெர்மோ வெப்பம், மீட்டர் அளவு, ஆகவே வெப்பமானி. ஒளிச்சேர்க்கை என்று தாவரவியலில் படித்த சொல்லை எடுத்துக்கொண்டால் ஃபோட்டோ என்பது ஒளி, சின் என்பது சேர்ந்து, தீசிஸ் என்பது வைத்தல்; மூன்று உறுப்பும் அப்படியே தமிழில் இறங்கியிருக்கின்றன.

எனவே உயிரியல், புவியியல், விலங்கியல், உளவியல், தொல்லியல் என்று ஒரு தாளின் இடப்பக்கம் எழுதி, வலப்பக்கம் அவற்றின் ஆங்கிலப் பெயர்களை எழுதுங்கள். வலப்பக்கத்தில் பெரும்பாலும் லஜி என்ற முடிவும், இடப்பக்கத்தில் இயல் என்ற முடிவும் வரும். அவற்றை நீக்கினால் பயோ உயிர், ஜியோ புவி, ஸூ விலங்கு, சைக்கோ உளம், ஆர்க்கியோ பழமை என்று ஐந்து வேர்கள் மனப்பாடமின்றிக் கைக்கு வந்துவிடும்.

எல்லாக் கலைச்சொல்லும் இப்படிப் பொருந்தாது. சூழலியல் என்று நாம் சொல்லும் ஈக்காலஜியில் இருப்பது ஓய்கோஸ் என்னும் வீடு. எக்கானமி என்பதும் அதே வீட்டை நிர்வகிக்கும் முறைதான். டெலிவிஷன் என்ற சொல் 1900 இல் பாரிசில் நடந்த மின்னியல் மாநாட்டில் ஒலித்தது. அதில் முன்பாதி கிரேக்கம், பின்பாதி இலத்தீன். இரண்டு மொழியையும் ஒட்டுப் போடுவது முறையல்ல என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. சொல் அதைப் பொருட்படுத்தவில்லை. நம் தொலைக்காட்சியில் அந்தக் குறை இல்லை, இரண்டு உறுப்பும் தமிழே.

ஐந்தாம் படி: வடமொழி வழியாக வந்த உறவினர்களை அடையாளம் காணுங்கள்

1786 இல் கல்கத்தாவின் ஆசியச் சங்கத்தில் பேசிய வில்லியம் ஜோன்ஸ், சமஸ்கிருதம், கிரேக்கம், இலத்தீன் ஆகிய மூன்றும் ஒரே மூலத்திலிருந்து கிளைத்திருக்க வேண்டும் என்றார். அந்தக் குடும்பத்துக்கு இன்று இந்தோ ஐரோப்பியம் என்று பெயர். தமிழ் திராவிடக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆயினும் வடமொழியிலிருந்து நாம் வாங்கிய சொற்கள் இந்த உறவைத் தம்மோடு கொண்டுவந்திருக்கின்றன. நாட்காட்டியில் கண்டது அதைத்தான்.

சற்று முன் பார்த்த ஃபெர் என்ற வேரின் உறவினர் நம் பாரம். பல் என்று பொருள்படும் டென்ட் என்ற வேருக்கு உறவினர் தந்தம். டென்டிஸ்ட் பற்களைப் பார்ப்பவர், டிரைடென்ட் மூன்று பற்களுடைய சூலம். காலைக் குறிக்கும் பெட் என்ற வேருக்குப் பாதம் உறவு. பார்த்தலைக் குறிக்கும் வீடியோவுக்கு, அறிதலைக் குறிக்கும் வித்தையும் வேதமும் உறவு. பற்றவைக்கும் இக்னைட்டுக்கு அக்கினி உறவு.

எதிர்மறை முன்னொட்டில் இந்த ஒற்றுமை வியக்க வைக்கும். சமஸ்கிருதத்தில் மெய்யெழுத்தின் முன் 'அ' வரும், உயிரின் முன் 'அந்' வரும்: அதர்மம், அசுத்தம், ஆனால் அநேகம், அநாதி. கிரேக்கத்திலும் மெய்யின் முன் 'அ', உயிரின் முன் 'அன்'. வெட்டுதலைக் குறிக்கும் டாம் முன்னால் 'அ' வந்து, வெட்ட முடியாதது என்ற பொருளில் ஆட்டம், அதாவது அணு. ஆட்சியைக் குறிக்கும் ஆர்க்கி முன்னால் 'அன்' வந்து அனார்க்கி. தமிழ் இணையத்தில் அனானி என்று சுருங்கிவிட்ட அனானிமஸ் என்ற சொல்லில் பெயர் என்ற பொருளுடைய ஓனிமா இருக்கிறது. அதற்கு உறவான நாமம் நம் அநாமதேயத்தில் இருக்கிறது. பெயரிலிக்கு இரண்டு மொழியும் ஒரே வழியில் பெயர் வைத்திருக்கின்றன. கிரேக்கத் தேவர்கள் உண்ட அம்புரோசியாவும் நம் அமிர்தமும் கூட இப்படித்தான். 'அ' எதிர்மறை, மிச்சம் இறப்பு, ஆக இறப்பில்லாதது.

இன்னொரு விதி உங்கள் சுமையைப் பாதியாகக் குறைக்கும். இலத்தீனும், பெரும்பாலும் சமஸ்கிருதமும், சொல்லின் தொடக்கத்தில் 'ச' ஒலியை வைத்திருக்கும் பல இடங்களில் கிரேக்கம் 'ஹ' ஒலியை வைத்திருக்கிறது. சப்த, செப்டெம் என்பவை கிரேக்கத்தில் ஹெப்டா. அரையைக் குறிக்கும் செமி கிரேக்கத்தில் ஹெமி. மேலே என்ற சூப்பர் கிரேக்கத்தில் ஹைப்பர். கீழே என்ற சப் கிரேக்கத்தில் ஹைப்போ. நல்ல சாப்பாட்டுக்கும் நல்ல சினிமாவுக்கும் நாம் சொல்லும் சூப்பருக்கு 'மேலே' என்பதைத் தவிர வேறு பொருள் இல்லை.

உறவு வேறு, கடன் வேறு என்பதையும் இங்கேயே பிரித்துக்கொள்ளுங்கள். சில தினசரி நாட்காட்டிகளில் குரு ஓரை, சுக்கிர ஓரை என்று அச்சிட்டிருப்பார்கள். அந்த ஓரை கிரேக்கத்தின் ஹோரா. சோதிடத்தோடு சமஸ்கிருதத்துக்கு வந்து, அங்கிருந்து தமிழுக்கு வந்தது. மணி நேரத்தைக் குறிக்கும் ஆங்கிலத்தின் 'அவர்' அதே ஹோராவின் வழிவந்ததே. ஜாதகத்தில் வரும் கேந்திரமும் அப்படியே: கிரேக்கத்தில் கென்ட்ரோன், ஆங்கிலத்தில் சென்டர்.

ஆறாம் படி: பெரிய மருத்துவமனையின் பெயர்ப்பலகைமுன் நின்று படியுங்கள்

நோயாளியோடு வரிசையில் காத்திருக்கும் நேரத்தில் இதைச் செய்யலாம். கார்டியாலஜி, நெஃப்ராலஜி, நியூராலஜி, டெர்மட்டாலஜி என்று பலகை நீளும். இதயம், சிறுநீரகம், நரம்பு, தோல் ஆகிய நான்குக்கும் கிரேக்கச் சொற்களே அங்கே நிற்கின்றன. ஆய்வறிக்கையில் மட்டும் சிறுநீரகத்துக்கு ரீனல் என்ற இலத்தீன் வேர் வந்து குழப்பும். ஓர் உறுப்புக்குக் கிரேக்கப் பெயர் ஒன்றும் இலத்தீன் பெயர் ஒன்றும் இருப்பது மருத்துவத்தில் வழக்கம். இரண்டையும் ஒரே பக்கத்தில் சேர்த்து எழுதுங்கள்.

முடிவுகளையும் கவனியுங்கள். ஐட்டிஸ் என்று முடிந்தால் அழற்சி: ஹெபடைட்டிஸ் கல்லீரல் அழற்சி, ஆர்த்ரைட்டிஸ் மூட்டழற்சி. எக்டமி என்று முடிந்தால் வெட்டி எடுத்தல். அணுவில் பார்த்த அதே டாம் இதிலும் இருக்கிறது. ஈமியா என்று முடிந்தால் இரத்தம். கிரேக்கத்தின் ஹைமா அப்படித் தேய்ந்தது. அனீமியா என்றால் இரத்தமின்மை, இரத்தசோகை.

ஹைப்பர், ஹைப்போ இரண்டையும் மட்டும் நிறுத்தி நிதானமாகப் படியுங்கள். கிளைக் என்பது இனிப்பு. ஹைப்பர்கிளைசீமியா என்றால் இரத்தத்தில் சர்க்கரை மிகுதி. ஹைப்போகிளைசீமியா என்றால் குறைவு. இரண்டுக்கும் செய்ய வேண்டியது நேர் எதிரானது. இந்த வழிகாட்டியில் நீங்கள் ஒன்றே ஒன்றை நினைவில் வைப்பதென்றால் இதையே வையுங்கள்.

ஏழாம் படி: பொறிகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஓரளவு பழகியதும் எல்லாச் சொல்லையும் வெட்டிப் பார்க்கும் ஆசை வரும். அப்போதுதான் தவறுகளும் வரும். பெட் என்றால் கால் என்று கற்றவர் பீடியாட்ரிஷியன் கால் மருத்துவர் என்று முடிவு கட்டிவிடுவார். அது கிரேக்கத்தில் குழந்தையைக் குறிக்கும் பாய்ஸ் என்ற சொல்லின் வழிவந்தது. எழுத்தில் மட்டும் ஒன்றுபோலத் தோன்றுகிறது. இலத்தீனின் ஹோமோ மனிதன், கிரேக்கத்தின் ஹோமோஸ் ஒரே மாதிரி. ஹோமோசேப்பியனும் ஹோமோஜீனியஸும் சொந்தமில்லை. கடவுளைக் குறிக்கும் இலத்தீனின் தேயுஸ், கிரேக்கத்தின் தியோஸ் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் போலத் தோன்றினாலும் உறவே இல்லாதவை. நம் தேவனுக்குச் சொந்தம் தேயுஸ் மட்டுமே.

ரிவர், ரைவல் என்ற இணையும் இப்படி ஏமாற்றும். ரிவர் என்பது கரையைக் குறிக்கும் ரிப்பாவின் வழிவந்தது, அதாவது அரைவ் என்பதன் சகோதரி. ரைவல் என்பது ஓடையைக் குறிக்கும் ரீவுஸின் வழிவந்தது. ஒரே ஓடையில் தண்ணீர் பாய்ச்சும் இருவரை இலத்தீன் அப்படி அழைத்தது. வாய்க்கால் தகராறைப் பார்த்த எவருக்கும் போட்டியாளர் என்ற பொருள் எப்படி வந்தது என்று சொல்லித் தர வேண்டியதில்லை.

வெட்டும் இடமும் முக்கியம். ஹெலிகாப்டர் என்பதை ஹெலி, காப்டர் என்று வெட்டுகிறோம். ஹெலிபேட் என்று புதுச்சொல்லும் ஆக்கிவிட்டோம். உண்மையில் ஹெலிகோ என்றால் சுருள், ப்டெரோன் என்றால் சிறகு. பஸ் என்ற சொல்லின் கதை இதைவிட வேடிக்கையானது. 19 ஆம் நூற்றாண்டில் பிரான்சில் ஓடிய குதிரை வண்டிகளுக்கு 'எல்லோருக்கும்' என்ற பொருளில் ஆம்னிபுஸ் என்ற இலத்தீன் சொல்லைப் பெயராக வைத்தார்கள். ஆம்னி என்பதுதான் எல்லோரும். புஸ் என்பது நான்காம் வேற்றுமை உருபு. எல்லோருக்கும் என்ற சொல்லில் 'எல்லோர்' என்பதைத் தூக்கி எறிந்துவிட்டு 'உக்கும்' வந்துவிட்டதா என்று நிறுத்தத்தில் நின்று கேட்பது போன்றது இது. ஆம்னி பஸ் என்று நாம் இன்றும் சொல்வதால், பிரிந்த இரண்டும் தமிழ்நாட்டுச் சாலைகளில் மறுபடி சேர்ந்துகொண்டன.

கதைகளைச் சந்தேகியுங்கள். சாலரி என்ற சொல்லில் உப்பு என்ற பொருளுடைய சால் இருப்பது உறுதி. ரோமானியப் படைவீரர்களுக்குச் சம்பளமாக உப்பையே அளந்து கொடுத்தார்கள் என்ற கதைக்குப் பழங்காலச் சான்று இல்லை. மறுபுறம், கேண்டிடேட் என்ற சொல்லின் கதை உண்மையானது. கான்டிடுஸ் என்றால் தூய வெண்மை. ரோமில் பதவிக்குப் போட்டியிட்டவர்கள் சுண்ணம் தேய்த்து வெளுத்த ஆடையில் வாக்குக் கேட்டார்கள். நம் ஊரில் தேர்தல் காலத்து வெள்ளை வேட்டியும் சட்டையும் அவர்களுக்கு அன்னியமாகத் தோன்றியிருக்காது.

தமிழருக்கே உரிய பொறி ஒன்றும் உண்டு. ஒலி ஒத்திருக்கிறது என்பதற்காக ஒன் என்பது ஒன்று என்பதிலிருந்தே வந்தது என்று பகிரப்படும் செய்திகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இன்று 'வன்' என்று ஒலிக்கும் அந்தச் சொல் பழைய ஆங்கிலத்தில் 'ஆன்' என்று ஒலித்தது. ஓன்லி, அலோன் ஆகிய சொற்கள் தொடக்கத்தில் 'வ' இல்லாத பழைய ஒலியின் தடத்தை இன்றும் காட்டுகின்றன. இலத்தீனின் ஊனுஸ் அதன் உறவு. கட்டுமரம், சுருட்டு, கறி, மிளகுத்தண்ணீர் ஆகியவை தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குச் சென்றதற்கு எழுத்துச் சான்றுகள் இருக்கின்றன. சான்றுள்ள சொற்கள் கைவசம் இருக்கும்போது சான்றில்லாதவற்றுக்காக வாதாட வேண்டிய தேவை நமக்கு இல்லை.

எட்டாம் படி: குறிப்பேடு

ஒரு வேருக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். வாரத்துக்கு இரண்டு வேர்களுக்கு மேல் எடுக்காதீர்கள். பக்கத்தின் தலையில் வேரும் அதன் பொருளும், அதற்குக் கீழே கிரேக்கமா இலத்தீனா என்பதும், தமிழில் உறவோ இணையான கலைச்சொல்லோ இருந்தால் அதுவும் இருக்கட்டும். மிச்ச இடத்தைக் காலியாக விடுங்கள். செய்தித்தாளிலோ மருந்து அட்டையிலோ அந்த வேருள்ள சொல் கண்ணில் படும்போது, கண்ட இடத்தையும் சேர்த்துக் குறியுங்கள். தானாகத் தேடி வந்த ஆறு சொற்கள், பட்டியலிலிருந்து பார்த்து எழுதிய அறுபதைவிட நன்றாக நினைவில் நிற்கும்.

ஊகித்ததை எழுதிய பிறகே அகராதியைப் பாருங்கள். முன்னால் பார்த்தால் ஊகிக்கும் பழக்கம் வளராது. மெரியம் வெப்ஸ்டர் அகராதி சொல்லின் பொருளோடு பிறப்பையும் தருகிறது. எட்டிம்ஆன்லைன் என்னும் இலவசத் தளம் அதற்கென்றே இருக்கிறது. இரண்டிலும் பார்த்து, ஊகம் தவறாக இருந்தால் அதை அழிக்காமல் ஒரு கோடு மட்டும் போடுங்கள். என் குறிப்பேட்டில் ரிவர், ரைவல் பக்கம் அப்படிக் கோடு விழுந்த பக்கம்.

முதல் பக்கத்துக்கு ஒரு சொல் வேண்டுமானால் ஹிப்பொபொட்டமஸ் என்பதை எடுத்துக்கொள்ளலாம். இதில் வரும் ஹிப்போ ஆய்வறிக்கையில் கண்ட ஹைப்போ அன்று. அதில் ஒய் இருக்கும், இதில் ஐ இருக்கும். ஹிப்போஸ் என்றால் குதிரை, பொட்டமோஸ் என்றால் ஆறு. கிரேக்கருக்கு ஆற்றுக் குதிரையாகத் தெரிந்த விலங்கு நமக்கு நீர்யானை. மெசோ என்றால் நடு என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். மெசபொட்டேமியா என்ற பெயரைப் பிரித்து, பக்கத்தின் இரண்டாவது வரியை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.